ஓடுகிற எண்ணெய்க் கிணற்றை எப்படி அடைப்பார்கள்? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வள்ளியூர், திசையன்விளை, ராதாபுரம், நாங்குநேரி வட்டாரத்திலிருந்து வளைகுடாவின் எண்ணெய் வயல்களுக்கு வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர். நானும் ரிக் (கிணறு துளையிடும் இயந்திர மேடை) வேலைக்காரன்தான். ஊருக்கு வந்தால் அண்ணாச்சிமாரும், வேலைக்குக் கிளம்புகிற தம்பிகளும், அவர்களைப் பெற்றவர்களும் கேட்பதையெல்லாம் இங்கே சேர்த்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் வால்வில் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அங்கே என்ன நடக்கிறது, ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று புரிந்தால் போதும்.

நம்ம பக்கம் எண்ணெய்க் கிணறே கிடையாதே, இது நமக்கு எதற்கு?

கிடையாதுதான். தமிழ்நாட்டில் எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பது காவிரிப் படுகையில்: நரிமணம், குத்தாலம், கோவில்களப்பால், தெற்கே ராமநாதபுரம் வரை. ஆனால் குவைத், சவூதி, அபுதாபி, ஓமான் என்று கிணற்றடியில் நிற்பது நம் வீட்டுப் பிள்ளைகள். டிவியில் "எண்ணெய்க் கிணற்றில் தீ" என்று ஒரு வரி ஓடினால் இங்கே அம்மாவுக்குத் தூக்கம் போய்விடுகிறது. விவரம் தெரிந்தால் வீண் பயம் குறையும். பயப்பட வேண்டிய இடம் எது என்பதும் தெரியும்.

எண்ணெய்க் கிணறு நம் தோட்டத்துக் கிணறு மாதிரி இருக்குமா?

இருக்காது. எட்டிப் பார்த்தால் இருட்டும் தண்ணீரும் தெரிகிற கிணறு இல்லை அது. மேலே ஓர் ஆள் கட்டிப்பிடிக்கிற அகலத்தில் தொடங்கி, கீழே போகப் போகக் குறுகி, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் சாப்பாட்டுத் தட்டை விடச் சின்னதாகிவிடும் துளை. துளைக்குள் கேசிங் என்ற இரும்புக் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சிமென்ட் செலுத்தி இறுக்குவார்கள். அதற்குள் இன்னொரு கேசிங், அதற்குள் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் நடுவில் போகிற மெல்லிய குழாய் டியூபிங். எண்ணெய் அதன் வழியாக மேலே வரும். தரைக்கு மேலே வால்வுகளை அடுக்கி வைத்த ஒரு கூட்டம் நிற்கும். அதற்கு 'கிறிஸ்துமஸ் மரம்' என்று பெயர்.

பல கிணறுகளில் மோட்டார் தேவையில்லை. பாறைக்குள் அடைபட்டிருக்கும் அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளும். அடைக்கும் வேலையில் சிரமம் எல்லாம் அந்த அழுத்தத்தால்தான்.

"கிணற்றை அடைத்துவிட்டார்கள்" என்றால் என்ன அர்த்தம்?

மூன்று வேலைகளையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஒன்று, வால்வை மூடி ஓட்டத்தை நிறுத்தி வைப்பது. மறுபடி திறக்கலாம். இரண்டாவது, கிணற்றை அடக்குவது. அதாவது உள்ளே கனமான திரவத்தை நிரப்பி, வால்வே இல்லாவிட்டாலும் ஓடாதபடி செய்வது. மூன்றாவது, சிமென்ட் அடைப்புகள் போட்டு நிரந்தரமாக மூடிக் கைவிடுவது. செய்தி படிக்கும்போது இந்த மூன்றில் எது என்று பாருங்கள். வால்வு மூடிய கிணறு அடங்கின கிணறு ஆகாது.

ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றில் எந்த வால்வை முதலில் மூட வேண்டும்?

பக்கவாட்டில் இருக்கும் விங் வால்வைத்தான் முதலில் மூடுவார்கள். எண்ணெய் வெளியே திரும்பிப் போகிற இடம் அது. அதற்கப்புறம், மரத்தின் நடுத்தண்டில் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு மாஸ்டர் வால்வுகளில் மேல் மாஸ்டர் வால்வு. நீண்ட நாள் நிறுத்தம் என்றால், தரைக்கு அடியில் டியூபிங்குக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு வால்வையும் மூடுவார்கள்.

ஏன் இந்த வரிசை? ஓட்டம் வேகமாக இருக்கும்போது வால்வை மூடினால், மூடப்போகிற கடைசி இடைவெளியில் எண்ணெயும் மணலும் சீறிக்கொண்டு போகும். அது வால்வின் தகட்டை அரித்துவிடும். விங் வால்வு அரித்துப்போனால் மேலே கழற்றி மாற்றிவிடலாம். கீழ் மாஸ்டர் வால்வு அரித்துப்போனால், அதற்குக் கீழே மூட வேறு வால்வு மரத்தில் கிடையாது. அதனால் கீழ் மாஸ்டரை ஓட்டத்துக்கு எதிராக மூடுவதில்லை. மற்றவை கைவிட்டால்தான் அதில் கை வைப்பது.

மூடுகிறவர் கையைக் கவனித்தால் ஒன்று தெரியும். அவர் சக்கரத்தைச் சும்மா சுற்றுவதில்லை, சுற்றுக்களை எண்ணிக்கொண்டே சுற்றுகிறார். ஒவ்வொரு வால்வுக்கும் முழுதாக மூட இத்தனை சுற்று என்று கணக்கு உண்டு. சில இடங்களில் சக்கரத்தின் பக்கத்திலேயே பெயின்டில் எழுதி வைத்திருப்பார்கள். கணக்கு முடிவதற்குள் சக்கரம் இறுகி நின்றால் உள்ளே மெழுகோ மணலோ சிக்கியிருக்கிறது, வால்வு மூடவில்லை என்று அர்த்தம். முழுதாக மூடிய பிறகு கால் சுற்று பின்னால் விடுவார்கள். இல்லாவிட்டால் கேட் வால்வு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மேலே இருக்கும், அழுத்தத்தைக் காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வால்வுக்கு அந்தப் பக்கம் அழுத்தத்தை இறக்கிவிட்டு, முள் மறுபடி ஏறுகிறதா என்று பார்ப்பது. ஏறாமல் நின்றால்தான் வால்வு பிடித்திருக்கிறது.

நன்றாக ஓடுகிற கிணற்றை ஏன் நிறுத்த வேண்டும்?

குழாய்த்தடத்தில் பராமரிப்பு, பக்கத்திலேயே புதுக்கிணறு தோண்டுவது, நிலத்தடி அழுத்தத்தை அளப்பது, புயல் என்று காரணங்கள் உண்டு. விலையும் ஒரு காரணம். கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் 20 அன்று, அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்த விலை பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 37 டாலருக்குப் போனது. சேமித்து வைக்க இடமில்லாமல் பல கிணறுகளை நிறுத்தினார்கள்.

நிறுத்துவது சுலபம், திரும்ப ஓட வைப்பதுதான் பாடு. நின்ற கிணற்றுக்குள் வாயு மேலே போய்விடும், தண்ணீர் அடியில் தங்கும், குளிர்ந்த குழாயில் மெழுகு படியும். சில பழைய கிணறுகள் பழைய ஓட்டத்துக்குத் திரும்புவதே இல்லை.

பம்ப் வைத்து எடுக்கிற கிணறு என்றால்?

முதலில் தள்ளுகிற சக்தியை நிறுத்த வேண்டும். தலையாட்டுகிற பம்ப் என்றால் மோட்டாரை அணைத்து, பிரேக் போட்டு, அப்புறம் வால்வு. எதிர் எடை பெரிய இரும்பு. பிரேக்கை நம்பி அதன் கீழே போகக் கூடாது, பூட்டுப் போட்ட பிறகுதான் போக வேண்டும். வாயு செலுத்தித் தூக்குகிற கிணறு என்றால் செலுத்தும் வாயுவை முதலில் நிறுத்துவார்கள். பம்ப் ஓடும்போது வெளியேறும் வால்வை மூடினால் எது முதலில் வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

ஆள் இல்லாத நேரத்தில் குழாய் உடைந்தால் யார் மூடுவது?

தானாகவே மூடிக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். அந்த வால்வுகளைத் திறந்து வைத்திருப்பதே ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம் அல்லது காற்றழுத்தம்தான். அழுத்தம் போனால் ஸ்பிரிங் தள்ளி மூடிவிடும். தீ வந்தால் உருகிவிடுகிற சின்ன உலோக அடைப்புகளைக் காற்றுக் குழாயில் வைத்திருப்பார்கள். அது உருகினால் காற்று வெளியேறும், வால்வு விழும். தரைக்கு அடியில் டியூபிங்கில் இருக்கும் பாதுகாப்பு வால்வும் இப்படித்தான். மேலே மரமே பிடுங்கிக்கொண்டு போனாலும் கீழே மூடிக்கொள்ளும். கரண்ட் போனால், கம்பி அறுந்தால், ஆள் ஓடிவிட்டால் கிணறு மூட வேண்டும். திறந்து நிற்கக் கூடாது. இப்படி யோசித்துக் கட்டியவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

வால்வை மூடியாயிற்று. அப்புறமும் ஏன் "அடக்க" வேண்டும்?

இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான். என்னைக் கேட்டால், ரிக் வேலைக்குப் போகிற ஒவ்வொரு தம்பிக்கும் ஏறுவதற்கு முன்னாலேயே இது புரிந்திருக்க வேண்டும்.

வால்வு அழுத்தத்தைத் தடுக்கிறது, அவ்வளவுதான். அழுத்தம் அப்படியே உள்ளே இருக்கிறது. அதைச் சமன் செய்வது திரவத்தின் எடை. கணக்கு எளிது. 10 மீட்டர் தண்ணீர் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ அழுத்தம் தரும். 2000 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் அடியில் ஏறக்குறைய 200 கிலோ. அங்கே பாறையின் அழுத்தம் 230 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் தோற்றுப்போகும், கிணறு ஓடும். தண்ணீரை விட 1.15 மடங்கு கனமான திரவம் இருந்தால் சரிக்குச் சரி. கொஞ்சம் கூடுதலாக 1.2 வைத்தால் கிணறு அடங்கும். துளையின் அகலம் எவ்வளவு என்பது இதில் வரவே வராது. சாய்வாகப் போகிற கிணற்றில் குழாயின் நீளமும் வராது. நேர் ஆழமும் திரவத்தின் கனமும் மட்டுமே.

கனத்தைக் கூட்ட உப்புக் கரைசல் பயன்படும், அல்லது பாரைட் என்ற தாதுப் பொடி கலந்த சேற்றுக் கரைசல் பயன்படும். ரிக்கில் அதை 'மட்' என்பார்கள். உலகத்தின் பெரிய பாரைட் படிவங்களில் ஒன்று ஆந்திராவின் மங்கம்பேட்டையில் இருக்கிறது.

மூடிய கிணற்றை அப்படியே விட்டால் என்ன ஆகும்? உள்ளே நுழைந்த வாயுக்குமிழி திரவத்துக்குள் மெல்ல மேலே ஏறும். மூடின கிணற்றில் அது விரிய இடமில்லை. அதனால் அடியில் இருந்த அழுத்தத்தை அப்படியே சுமந்துகொண்டு வரும். மேலே வந்து சேரும்போது வால்வுக்குக் கீழே பெரிய அழுத்தம், அதற்கும் கீழே முழு திரவத்தின் எடையும் சேர்ந்து பாறைமேல் சுமை. எங்காவது பாறை பிளக்கும். கேசிங்குக்கு வெளியே வாயு கிளம்பினால், மூடிய வால்வைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வழியில்லை. வால்வு தருவது அவகாசம். அந்த அவகாசத்துக்குள் எடையை உள்ளே சேர்த்தாக வேண்டும்.

அந்தக் கனமான திரவத்தை எப்படி உள்ளே செலுத்துவார்கள்?

சுற்றிவர விடுவதுதான் நல்ல முறை. குழாய் வழியாகக் கீழே அனுப்பி, குழாய்க்கு வெளியே இருக்கும் இடைவெளி வழியாக மேலே வர வைப்பது. மேலே வரும் வழியில் 'சோக்' என்ற குறுகலான வாயை வைத்து, அடியில் அழுத்தம் குறையாதபடி பார்த்துக்கொள்வார்கள். ரிக்கில் இதற்கு இரண்டு வழி உண்டு. முதல் சுற்றில் பழைய மட்டையே ஓடவிட்டு வாயுவை வெளியேற்றி, இரண்டாம் சுற்றில் கனமான மட் செலுத்துவது ஒன்று. காத்திருந்து, கனமான மட் தயாரானதும் ஒரே சுற்றில் முடிப்பது இன்னொன்று. முதலாவது டிரில்லர் முறை (டிரில்லர் என்றால் துளையிடும் இயந்திரத்தை இயக்குகிறவர்). கணக்கு குறைவு, உடனே தொடங்கலாம். இரவு ஷிப்டில் ஆள் குறைவாக இருக்கிற ரிக்கில் எனக்கு அதுவே பிடிக்கும்.

சுற்றிவர வழியில்லாத கிணற்றில் மேலிருந்தே பலமாகப் பம்ப் செய்து, உள்ளே இருப்பதை வந்த பாறைக்கே திருப்பித் தள்ளுவார்கள். உற்பத்திக் கிணறுகளை அடக்க இது வழக்கமான வழி. கேசிங், டியூபிங், பாறை மூன்றும் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். அதுவும் முடியாவிட்டால் கொஞ்சம் திரவம் செலுத்தி, அது கீழே இறங்கும் வரை பொறுத்து, அந்த அளவுக்கு வாயுவை வெளியே விட்டு, மறுபடி செலுத்துவது. பொறுமை தேவைப்படுகிற வேலை.

ஊற்றுகிற திரவத்தையெல்லாம் கிணறே குடித்துவிட்டால்?

இதை நம் ஊர்க்காரர்களுக்குப் புரிய வைப்பது சுலபம். திசையன்விளை பக்கத்து ஆயன்குளம் கிணறு ஞாபகம் இருக்கிறதா? 2021 மழைக்காலத்தில் வெள்ளத்தண்ணீர் நாள் கணக்காக அதற்குள் விழுந்தும் நிரம்பவில்லை. சென்னை ஐஐடியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். அடியில் சுண்ணாம்புக்கல், அதில் குகை குகையாக வழிகள். வளைகுடாவின் பெரிய எண்ணெய் வயல்கள் பலவற்றிலும் பாறை சுண்ணாம்புக்கல் இனம்தான். அங்கே துளையிடும்போது பிளவோ பொந்தோ அகப்பட்டால், செலுத்தின மட் ஆயன்குளத்துத் தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். திரவ மட்டம் இறங்கினால் எடை குறையும், எடை குறைந்தால் இன்னொரு அடுக்கிலிருந்து வாயு உள்ளே வரும். ஒரு பக்கம் இழப்பு, ஒரு பக்கம் வரவு. ரிக்கில் மிகக் கடினமான நாள் அது.

மைக்கா துகள், கொட்டை ஓட்டுத் தூள், நார், சுண்ணாம்புக்கல் பொடி என்று கலந்து அனுப்பிப் பிளவை அடைக்கப் பார்ப்பார்கள். அடங்காவிட்டால் சிமென்ட். அதுவரை மேலேயிருந்து தண்ணீரையாவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், கிணற்றைக் காலியாக விடக் கூடாது.

துளையிட்டுக்கொண்டிருக்கும்போது கிணறு "உதைத்தால்"?

கிக் என்று சொல்வது அதைத்தான். பாறையிலிருந்து வாயுவோ எண்ணெயோ தண்ணீரோ அழைக்காமல் உள்ளே வருவது. அடையாளங்கள் உண்டு: செலுத்துவதை விடத் திரும்பி வருவது அதிகம், தொட்டியில் மட் மட்டம் ஏறுகிறது, துளை திடீரென்று வேகமாக இறங்குகிறது.

டிரில்லர் செய்வது இவ்வளவு. சுழற்சியை நிறுத்தி, குழாயைத் துளையின் அடியிலிருந்து தூக்கி, குழாய்களின் தடித்த இணைப்பு, கிணற்றின் வாயில் இருக்கும் பிஓபி என்ற அடைப்பானின் தாடைக்கு நேராக வராதபடி நிறுத்துவார். பம்பை அணைப்பார். பம்ப் நின்ற பிறகும் வருகிறதா என்று பார்ப்பார். வருகிறது என்றால் பிஓபியை மூடுவார். பிறகு குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள அழுத்தத்தைக் காட்டும் இரண்டு கேஜ்களையும், தொட்டியில் ஏறின அளவையும் குறித்துக்கொள்வார். அந்த மூன்று எண்களை வைத்துத்தான் எவ்வளவு கனம் வேண்டும் என்ற கணக்கு.

இதற்கு டிரில்லர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கம்பெனி மேன் (எண்ணெய்க் கம்பெனி சார்பில் ரிக்கில் இருக்கும் மேலாள்) தூங்கிக்கொண்டிருந்தாலும் முதலில் மூடு, அப்புறம் எழுப்பு. மூடின பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்தால் திறந்துவிடலாம். போனது சில நிமிடம்தான்.

குழாயை வெளியே எடுக்கும்போதும் கிக் வரும், சொல்லப்போனால் கவனம் சிதறுவது அப்போதுதான். வெளியே வந்த இரும்பின் அளவுக்கு மட் உள்ளே போயிருக்க வேண்டும். அதற்கென்றே ஒரு சின்னத் தொட்டி, அதன் பக்கத்தில் ஒரு தாள். இத்தனை ஸ்டாண்ட் (ஒன்றாகப் பூட்டிய சில குழாய்கள்) எடுத்தாயிற்று, இத்தனை பீப்பாய் போக வேண்டும், இத்தனை போயிருக்கிறது என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டம் இரண்டாவதை விடக் குறைந்தால் நடுவில் வேறு ஏதோ உள்ளே வந்து இடம் பிடித்திருக்கிறது. பென்சிலால் எழுதுகிற அந்தத் தாளை யாராவது முன்கூட்டியே நிரப்பி வைப்பதைப் பார்த்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

பிஓபி இருக்கிறதே, பட்டனை அழுத்தினால் முடிந்தது என்கிறார்கள்?

பிஓபி என்பது கிணற்றின் வாயில் வைக்கிற பெரிய இரும்பு அடைப்பான்களின் அடுக்கு. குழாயைச் சுற்றி ரப்பர் வளையமாக இறுகுவது ஒன்று, குழாயை இரண்டு பக்கமும் பிடிப்பது ஒன்று, குழாயையே வெட்டி மூடுவது ஒன்று. 1922-ல் டெக்சஸில் அபர்கிராம்பி, கேமரன் என்ற இருவர் உருவாக்கிய தாடை வடிவத்திலிருந்து வளர்ந்தது. அது இல்லாமல் இன்றைக்குத் துளையிடுவதை நினைத்தே பார்க்க முடியாது.

ஆனால் அதுவும் வால்வுதான். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் நடந்ததைப் பாருங்கள். கிணற்றின் அடியில் போட்ட சிமென்ட் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, மேலே இருந்த எடையைக் குறைத்துச் சோதித்தார்கள். துளைக்குழாயில் 1,400 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தம் காட்டிக்கொண்டே இருந்தது. பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும். அதற்கு ஏதோ ஒரு காரணம் சொல்லி, சோதனை சரி என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு கனமான மட்டை எடுத்துவிட்டுக் கடல்நீரை நிரப்பினார்கள். கிணறு கிளம்பியது. பிஓபி மூடப் பார்த்தபோது குழாய் உள்ளே வளைந்து நடுவிலிருந்து விலகி நின்றது, வெட்டும் தாடையால் முழுதாக வெட்டி மூட முடியவில்லை. 11 பேர் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் கடலில் கலந்தது. ஜூலை 15-ல் மேலே புது மூடி போட்டு ஓட்டத்தை நிறுத்தினார்கள். ஆகஸ்ட் மாதம் மேலிருந்து மட் செலுத்தி அடக்கி, சிமென்ட் போட்டார்கள். பக்கத்திலிருந்து தோண்டிய இன்னொரு கிணறு வழியாக அடியிலும் சிமென்ட் போட்டு, செப்டம்பர் 19-ல்தான் கிணறு செத்துவிட்டது என்று அறிவித்தார்கள். மூடினது ஜூலையில், முடிந்தது செப்டம்பரில்.

அந்த 1,400-ஐ எனக்கு மறக்க முடிவதில்லை. கேஜ் சொன்னதை நம்பியிருந்தால் அந்த 11 பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நம் நாட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1995 ஜனவரி 8-ல் ஆந்திராவின் கோதாவரிப் பகுதியில் பாசர்லபூடி கிணறு வெடித்து 65 நாள் எரிந்தது. 2020 மே 27-ல் அசாமின் பாக்ஜானில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்த வாயுக் கிணறு, மேலே இருந்த பிஓபியைக் கழற்றிய கட்டத்தில் பீறிட்டது. ஜூன் 9-ல் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். பக்கத்துச் சதுப்பு ஏரியும் ஊர்களும் பட்ட பாடு கொஞ்சமல்ல. நவம்பர் 15-ல்தான் கிணற்றை அடக்க முடிந்தது.

ரிக்கில் எப்போதும் இரண்டு தடுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. கனமான திரவம் ஒன்று, பிஓபியோ சோதித்த சிமென்ட் அடைப்போ இன்னொன்று. ஒன்றை எடுக்கும் முன் அதன் இடத்தில் வேறொன்றை வைத்து, அது பிடிக்கிறது என்று சோதித்திருக்க வேண்டும். பிஓபியைக் கழற்றுகிற நேரம் அதனால்தான் எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கிற நேரம்.

தீப்பிடித்த கிணற்றை எப்படி அடைப்பது?

முதலில் சுற்றிலும் உருகிக் கிடக்கும் இரும்பை அகற்றி, ஓயாமல் தண்ணீர் அடித்துக் குளிர வைத்து, கிணற்றின் தலையைச் சுத்தமாக வெட்டி, அதன்மேல் திறந்த வால்வுகள் உள்ள புதுத் தலையை இறக்குவார்கள். பொருத்தின பிறகு மெதுவாக மூடுவது, அப்புறம் மட் செலுத்தி அடக்குவது. வெடி வைத்துத் தீயை அணைப்பதும் உண்டு. வெடி ஒரு கணம் தீயையும் எரிபொருளையும் பிரித்துவிடும். ஆனால் தீ அணைந்த பிறகும் வாயு வந்துகொண்டுதான் இருக்கும், ஒரு பொறி பட்டால் மறுபடி பற்றும். அதனால் சில நேரம் மூடத் தயாராகும் வரை எரியவே விடுவார்கள், குறிப்பாக விஷவாயு உள்ள கிணறுகளில்.

1991-ல் குவைத்தில் 600-க்கும் மேற்பட்ட கிணறுகள் எரிந்தன. பாலைவனத்தில் தண்ணீருக்கு எங்கே போவது? எண்ணெய் கடலுக்குப் போகிற குழாய்களைத் திருப்பி, கடல்நீரை உள்ளே கொண்டுவந்தார்கள். ஹங்கேரிக்காரர்கள் பழைய டாங்கியின் மேல் இரண்டு மிக் விமான எஞ்சின்களை ஏற்றி, தண்ணீரோடு சேர்த்து ஊதி அணைத்தார்கள். வருடக்கணக்கில் ஆகும் என்று பயந்த வேலை, அந்த நவம்பர் 6-ல் முடிந்தது.

மேலிருந்து நெருங்கவே முடியாவிட்டால், தள்ளி ஓரிடத்தில் இன்னொரு கிணறு சாய்வாகத் தோண்டி, அடியில் பழைய கிணற்றைத் தொட்டு, அங்கிருந்து மட் செலுத்துவார்கள். பழைய கேசிங் இரும்பின் காந்தப்புலத்தை வைத்து வழி கண்டுபிடிப்பார்கள்.

அணுகுண்டு வைத்து அடைத்தார்கள் என்று வாட்சப்பில் வந்ததே, உண்மையா?

உண்மை. 1966-ல் உஸ்பெகிஸ்தானின் உர்தபுலாக்கில், மூன்று வருடமாக எரிந்த வாயுக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஆழத்தில் அணுவெடி வைத்து, பாறையை நெரித்து சோவியத் நாட்டினர் மூடினார்கள். இன்று யாரும் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது.

எண்ணெய் தீர்ந்த கிணற்றை நிரந்தரமாக மூடுவது எப்படி?

அடக்கி, டியூபிங்கை உருவி, எண்ணெய் வந்த துளைகளுக்கு மேலும் கீழுமாகச் சிமென்ட் அடைப்பு போடுவார்கள். குடிநீர் அடுக்கு இருக்கும் ஆழத்திலும் கேசிங்குகள் முடியும் இடங்களிலும் அடைப்பு வரும். கடைசியாக மேலே ஒன்று. நடுநடுவே கனமான திரவம் நிற்கும். சிமென்ட் போட்டால் மட்டும் போதாது. இறுகும் வரை காத்திருந்து, குழாயை இறக்கி அதன்மேல் எடையை வைத்துப் பார்ப்பார்கள். தாங்க வேண்டும். மேலிருந்து அழுத்தியும் பார்ப்பார்கள். இறுகுவதற்கு முன் அவசரப்பட்டால் எல்லாம் வீண். பிறகு தரைக்குக் கொஞ்சம் கீழே கேசிங்கை வெட்டி, இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்து, மண் மூடுவார்கள்.

கேசிங்குக்கு வெளியே இருக்கிற பழைய சிமென்டில் விரிசல் இருந்தால், உள்ளே எவ்வளவு நன்றாக அடைத்தாலும் வெளிப்பக்கமாக வாயு ஏறும். அங்கே கேசிங்கைத் துளைத்தோ அரைத்தோ எடுத்துவிட்டு, பாறையிலிருந்து பாறை வரை சிமென்ட் போட வேண்டும். செலவான வேலைதான். ஆனால் டெல்டா விவசாயிகள் கிணறுகளை முறையாக மூடுங்கள் என்று கேட்கும்போது கேட்பது இதைத்தான், அந்தக் கோரிக்கை நியாயமானது. நிலத்தடி நீரை நம்பிப் பயிர் செய்கிறவனுக்கு, தன் வயலுக்கு அடியில் யார் எந்த ஆழத்தில் எத்தனை அடைப்பு போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

நம் தோட்டத்து வறண்ட போர்வெல்லை எப்படி மூடுவது?

கேட்காமலே சொல்ல நினைத்தது. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது திறந்து கிடந்த போர்வெல்லில்தான். சாக்கு வைத்துக் கட்டுவதும் கல் தூக்கி வைப்பதும் மூடுவதாகாது. அடியிலிருந்து தரை வரை களிமண், மணல், சரளை, கல் என்று நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. திரும்பப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் கேசிங் வாயில் இரும்புத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும், அல்லது போல்ட் போட்ட மூடி. இந்த வாரமே செய்துவிடுங்கள்.

அழுகின முட்டை வாடை அடித்தால்?

ஹைட்ரஜன் சல்பைடு. வளைகுடா வயல்கள் பலவற்றில் உண்டு. காற்றை விடக் கனம், பள்ளத்தில் தேங்கும். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்துப்போகும். வாடை நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது, அப்போதுதான் ஆபத்து அதிகம். அலாரம் அடித்தால் மூச்சை அடக்கி, முகமூடி மாட்டி, காற்றின் திசை காட்டும் துணிப்பையைப் பார்த்து, காற்று வருகிற திசைக்கு வாயுவின் குறுக்காக விலகிப் போக வேண்டும். கூட இருந்தவன் விழுந்துவிட்டான் என்று முகமூடி இல்லாமல் திரும்பி ஓடாதீர்கள். கூட்டாளிமேல் இருக்கிற பாசத்தால் இரண்டாவது ஆளும் விழுவது இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

என் மகன் ஹெல்பராகத்தான் போகிறான். கிணற்றை அடைப்பதில் அவனுக்கு என்ன பங்கு?

பெரிய பங்கு. தொட்டியில் மட்டம் ஏறுவதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் அங்கே நிற்கிற சின்ன ஆள்தான். அவன் சொன்னால்தான் டிரில்லருக்குத் தெரியும். ஆபத்து என்று பட்டால் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை ரிக்கில் யாருக்கும் உண்டு. நம் பிள்ளைகள் "பெரியவர்கள் இருக்கும்போது நாம் என்ன சொல்ல" என்று ஒதுங்கி நிற்கிறார்கள். வீட்டில் அது மரியாதை. ரிக்கில் வாய் திறக்க வேண்டும். இங்கிலீஷ் தடுமாறினால் கையைக் காட்டினாலும் போதும். கிளம்பும்போது அப்பா அம்மாவே இதைச் சொல்லி அனுப்பினால் அவனுக்குத் தைரியம் வரும்.

ஐடபிள்யூசிஎஃப் சான்றிதழ் எடுக்க வேண்டுமா? ஏஜென்ட் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

கிணற்றுக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேசத் தேர்வு அது. முதல் இரண்டு நிலைகள் அடிப்படை, மூன்றாவது டிரில்லருக்கு, நான்காவது மேற்பார்வையாளருக்கு. மூன்றும் நான்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி எழுத வேண்டும். ஹெல்பர் வேலைக்குப் போகிறவனுக்கு மூன்றாவது நிலை தேவையில்லை, யாராவது கட்டாயம் என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சான்றிதழ் அங்கீகாரம் பெற்ற மையத்தில் உட்கார்ந்து தேர்வு எழுதினால்தான் வரும். கையில் வைத்துக் கொடுக்கிறவர் கொடுப்பது போலி. போலியோடு டிரில்லர் நாற்காலியில் உட்காருகிறவன் கையில் முப்பது நாற்பது பேர் உயிர் இருக்கிறது.